பங்கு வாங்காத மாரிமுத்து

தபால்காரர் மாரிமுத்து செவ்வாய்க்கிழமை விடியற்காலை காய்ச்சலில் இறந்துவிட்டதை இரத்தினபுரி ஆஸ்பத்திரி டாக்டர் உறுதிசெய்தார். கொடகவெலைக்கு அப்பாலுள்ள தோட்டத்தில் அவர் கையால் கடிதம் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அவரை நான் முதலில் பார்த்தது கோர்ட்டு வாசலில். பன்றி விரட்டத் தோட்டம் கொடுத்த துப்பாக்கியால் ஒருவர் தடைக்காலத்தில் சினை மரைமானைச் சுட்டுவிட்டார். ஊர் அதிகாரியான ஆராச்சி தொடுத்த அந்த வழக்கு அன்று தள்ளுபடியானது. சாட்சிகள் ஒவ்வொருவரிடமும் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது ஒன்றுதான்: "அந்த இறைச்சியை நீயும் தின்றாயா?" வேட்டை விழுந்தால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீடு விடாமல் பங்கு போகும். தின்றவர்களும் மாட்டுவார்கள் என்று வக்கீல் சொன்னதும், யாரும் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். மாரிமுத்துவும் அப்படித்தான் சொன்னார்.

"நானும் தின்னவன்தாங்க ஐயா. இனிமே ஒருத்தனாவது திங்காம இருக்கணும்" என்றார் வெளியே வந்து.

அடுத்த முறை பாக்கு மட்டையில் கட்டி வந்த பங்கை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். லயத்தார் அதை உறவை முறித்ததாக எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தீபாவளிக்கு அவர் அனுப்பிய பலகாரத் தட்டுகள் மூடியபடியே திரும்பி வந்தன.

பிறகு ஒருநாள் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பக்கத்து வீட்டு ராக்காயி உரக்கக் கேட்டாள்:

"சாட்சிக்கார மாமா, இன்னைக்கும் பருப்புதானா?"

"பருப்பு தீந்திருச்சு தாயி. அதோட தம்பி ரசம் வந்திருக்கான்."

பெண்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பேச்சு அதோடு சரி. தன் லயத்து அறையான காம்பராவில் எனக்கும் சோறு போட்டவர், "ரெண்டு தட்டு வெச்சு ரொம்ப நாளாச்சுங்க" என்றார்.

போன மாதம் தபால் பையோடு காட்டுப்பாதையில் வந்தவர், அதே ஆள் இன்னொரு மரையைச் சுட்டதை நேரில் பார்த்தார். அன்றே ஆராச்சியிடம் சொன்னார். "இந்தத் தடவை வக்கீலு கேக்கட்டும்ங்க, பதில் வெச்சிருக்கேன்" என்று என்னிடம் சொன்னபோது அவருக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது.

அந்தப் பதில் இப்போது என்னிடம் மட்டும் இருக்கிறது. நேரில் பார்க்காத நான் சொன்னால் அது சாட்சியாகாது.

வழக்கு தைப்பொங்கல் கழிந்த முதல் திங்கட்கிழமை விசாரணைக்கு வருகிறது. சாட்சிப் பட்டியலில் வேறு பெயர் இல்லை என்கிறார் ஆராச்சி. அன்று கோர்ட்டுச் சேவகர் மாரிமுத்துவின் பெயரைக் கூப்பிடுவார். இந்த முறை பங்கு வாங்காதவர் லயத்தில் இன்னும் ஒருவர் இருந்தால், அதற்குள் ஆராச்சியைப் பார்க்கட்டும்.