பிள்ளை போக மறுத்த வீடும் செபமணி ரீச்சரும்

செய்தி கடல் கடந்து மூதூர் லோஞ்சில், அந்த இயந்திரப் படகில், வந்தது. அன்று காலையில் சந்தையில் மரக்கறி பார்த்துக்கொண்டு நின்றேன். மூதூரிலிருந்து நாள்தோறும் லோஞ்சில் வந்து திருகோணமலையில் புடைவைக்கடை திறக்கிற காசிம் நானா என்னைக் கண்டதும் குடையை மடக்கிக்கொண்டு கிட்ட வந்தார். "உங்கட தையல் ரீச்சர் சுபஹுக்கு முந்தி மௌத்தாகிட்டா" என்றார். செபமணி ரீச்சர் விடியுமுன்னே இறந்துவிட்டார். கையிலிருந்த கத்தரிக்காயை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. அவரிடம் சொல்ல வேண்டிய ஒரு கதையைப் பதினெட்டு வருடம் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவள் நான். இனி ஆரிடம் போய்ச் சொல்வது?

எங்களோடு அந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்களுக்குச் செபமணி ரீச்சரை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. உங்களில் பாதிப் பேர் அவரைப் பிடிவாதக்காரி என்றீர்கள். நானும்தான் சொன்னேன். எட்டு வருடம் ஒரே ஆசிரியர் அறையில் இருந்தோம். அதில் ஆறு வருடம் சண்டை. நான் ஐந்தாம் வகுப்புக்காரி, சோதனை, புள்ளி, புலமைப்பரிசில் என்று பறக்கிறவள். அவர் ஒரு பொத்தான் துளை தைக்க அரை மணித்தியாலம் எடுக்கிறவர்.

கலைவிழாவுக்குச் சட்டை தைக்க அவர் பிள்ளைகளை அளக்கிற விதம் எனக்கு எரிச்சலாக இருக்கும். அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையிடமும், "அளக்கட்டோ மகள்?" என்று கேட்பார். பிள்ளை தலையாட்டும் வரை நாடா கிட்டப் போகாது. வேண்டாம் என்கிற பிள்ளையிடம் நாடாவைக் கொடுத்து, சிநேகிதியைக் கொண்டு அளப்பித்துவிட்டுத் தூர நின்று எழுதிக்கொள்வார். ஊரில் எந்தத் தையற்காரர் இப்படிச் செய்கிறார்? நாற்பது பிள்ளைக்கு நாற்பது தரம் கேட்டால் பொழுது விடிந்துவிடும் என்று ஒருநாள் நக்கலாகச் சொன்னேன். ஊசியில் நூல் கோத்தபடியே பதில் வந்தது: "நாற்பது உடம்பு ரீச்சர், நாற்பது தரந்தான் கேக்கோணும்."

இனித்தான் நான் சொல்ல வேண்டிய கதை. அறுபதுகளின் நடுப்பகுதி. என் வகுப்பில் பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். பெயர் எழுதவில்லை, அவளைக் கேட்காமல் எழுத எனக்கு உரிமையில்லை. தகப்பன் துறைமுகத்தில் வத்தைப் படகுகளில் மூட்டை இறக்குகிறவர், தாய் இடியப்பம் அவித்து விற்கிறவர். கணக்கில் அவளை அடிக்க ஆளில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அதுவரை ஒரு புலமைப்பரிசிலும் வந்ததில்லை. இவள் எடுப்பாள் என்று எனக்குப் பைத்தியமே பிடித்திருந்தது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று மட்டிக்களிப் பக்கம் குடியிருந்த ஒரு பெரியவர், ஊரே 'கணக்கு மாஸ்டர்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவர், ஏழைப் பிள்ளைகளுக்குச் சும்மாவே பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவளைச் செவ்வாயும் வெள்ளியும் தனியாக அனுப்பச் சொல்லிக் கேட்டார். அவளுக்குப் பேனை வாங்கிக் கொடுத்தார், தாய்க்குப் பெருநாள் போல மாவும் சீனியும் கொடுத்தனுப்பினார். தாய் தகப்பனைச் சம்மதிக்க வைத்தவள் நான்.

இரண்டு மாதத்தில் பிள்ளை வேறு பிள்ளையாகிவிட்டாள். செவ்வாய்க்கிழமை வந்தால் வயிற்றுக்குத்து. தெரிந்த கணக்கைப் பிழை விட்டாள். அந்தப் புதுப் பேனையைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். ஆரும் பின்னால் வந்து தோளில் கை வைத்தால் துள்ளி எழும்பினாள். எல்லாவற்றையும் கண்ணால் கண்டேன். கண்டு நான் எழுதி வைத்தது என்ன தெரியுமோ? 'கவனக்குறைவு.' ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்திருந்தவளைப் பிடித்தேன். "வயித்துக்குத்து ரீச்சர், நான் போகேல்லை" என்றாள். படிக்கப் பஞ்சி, சோம்பல் என்று ஏசிக்கொண்டு, மணிக்கட்டைப் பிடித்து, மாஸ்டர் வீட்டு வாசற்படலை வரைக்கும் நானே கொண்டுபோய் விட்டேன். அவர் சிரித்துக்கொண்டு வந்து எனக்கு நாலு கறுத்தக்கொழும்பான் மாம்பழம் தந்தார். வீட்டில் வெட்டிச் சாப்பிட்டோம். நல்ல இனிப்பு.

அடுத்த நாள்தான் செபமணி ரீச்சர் கலைவிழாவுக்கு அளவெடுத்தார். அவள் முறை வந்தபோது வழக்கம் போல் கேட்டிருக்கிறார். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "ஏலாதெண்டு சொன்னா விட்டிருவீங்களோ, ரீச்சர்?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள். விட்டிருவன் என்று சொல்லி அவர் நாடாவைச் சுருட்டி மேசையில் வைத்துவிட்டார். எத்தனையோ பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனால் விடுவீர்களோ என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, ஆரோ விடவில்லை என்று அந்த நிமிசமே விளங்கினது என்று பிறகு எனக்குச் சொன்னார். அவர் துருவிக் கேட்கவில்லை. தையலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊசிக்கு நூல் கோக்க என்று அவளைக் கூடவே இருத்தினார். வியாழக்கிழமை மத்தியானம் அவளாகவே சொன்னாள். மாஸ்டர் என்ன செய்தார், சொன்னால் அப்பாவின் வேலை போகும் என்று எப்படி வெருட்டினார் என்றெல்லாம். நான் உன்னை நம்புறன், உன்னில ஒரு பிழையுமில்லை என்று செபமணி ரீச்சர் சொல்லியிருக்கிறார். ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் என்று பிள்ளை கெஞ்சியபோது மட்டும் அவர் சத்தியம் பண்ண மறுத்துவிட்டார். உன்னைக் காப்பாற்ற வேண்டிய ஆட்களுக்குச் சொல்லத்தான் வேண்டும், ஆருக்குச் சொல்கிறேன் என்பதை முதலில் உனக்குச் சொல்வேன் என்றாராம்.

அந்த ஆட்களில் முதல் ஆள் நான். நம்பவில்லை. பேரப்பிள்ளை கண்ட மனிதர், கோயில் காரியம் எல்லாவற்றுக்கும் முன்னுக்கு நிற்கிறவர், பிள்ளை பாடத்துக்குக் கள்ளமடித்துக் கதை கட்டுகிறாள் என்று சத்தம் போட்டேன். செபமணி ரீச்சர் என்னைப் பேசவிட்டுவிட்டு ஒரே ஒன்று சொன்னார்:

"ஆள் ஆரெண்டு பாக்காதீங்கோ ரீச்சர். பிள்ளை எங்க போக மறுக்குதெண்டு பாருங்கோ."

தண்ணீர்த் தொட்டி நினைவுக்கு வந்தது. மணிக்கட்டு நினைவுக்கு வந்தது.

தலைமை ஆசிரியருக்குப் பொம்பிளைப் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்ற கவலை. மூடி மறைப்பதுதான் பிள்ளைக்கு நல்லது என்று அவர் உண்மையாகவே நம்பினார். செபமணி ரீச்சர் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தொடங்கிப் பின்னேரந்தோறும் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் மாஸ்டர் வீட்டுக்குத் திரும்புகிற ஒழுங்கையின் முகப்பில் போட்டுக்கொண்டு இருந்தார். கொப்பியோடு வந்த ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டுக்குத் திருப்பினார். அவர்களைக் கொண்டுபோய்த் தாய்மாரிடம் விட்டு, இனி அங்க அனுப்ப வேண்டாம், காரணம் இதுதான் என்று அடுப்படி வாசலில் நின்று மெதுவாக விளங்கப்படுத்தினார். எந்தப் பிள்ளையின் பெயரையும் எடுக்கவில்லை. மூன்றாம் கிழமை இன்னும் இரண்டு தாய்மார் அழுதுகொண்டு அவரிடம் வந்தார்கள். என் வகுப்புப் பிள்ளையின் தாயைக் கூட்டிக்கொண்டு அவர் பொலிசுக்கும் போனார். வழக்கு நகரவில்லை, கோர்ட்டுப் படி ஏற மாட்டேன் என்று தகப்பன் மறுத்துவிட்டார். மாஸ்டர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார். அங்கே எந்த ஒழுங்கையில் கதிரை போட ஆர் இருந்தார்களோ தெரியாது.

செபமணி ரீச்சர் அவதூறு பரப்புகிறார் என்று மேலிடத்துக்கு அனுப்ப ஆசிரியர் அறையில் ஒரு பெட்டிசம் சுற்றியது. உங்களில் சிலர் கையெழுத்து வைத்தீர்கள். நான் வைக்கவில்லை. அதைப் பெரிய தியாகம் போல அவரிடம் போய்ச் சொன்னேன். "அதுக்கு மாலை போடோணுமோ?" என்றார். அவர் கேட்டது சரி. பிள்ளையைப் படலையில் விட்டது நான்தான், அவள் சொன்னதெல்லாம் உண்மை என்று நான் ஒரு கடிதம் எழுதியிருந்தால் அவரைத் தூரத்து ஈச்சிலம்பற்றுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருக்க மாட்டார்கள். எழுதவில்லை. என் பெயரும் கெட்டுவிடும் என்று பயந்தேன். அவர் கைமெசினைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வஸ் ஏறினார். ஓய்வுக்குப் பிறகு மூதூரில் தமக்கை வீட்டில் இருந்தார். இரண்டு மூன்று தரம் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் இந்தக் கடிதக் கதையைச் சொல்ல நினைத்துத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

அடக்கத்துக்கு லோஞ்சில் போனேன். கடல் அடித்தது. தேவாலய முற்றத்தில் ஒரு இளம் பெண் வந்து என்னோடு நின்றாள். மட்டக்களப்பில் தாதியாக இருக்கிறாளாம். அந்தப் பிள்ளைதான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் என்னைக் குறுக்கிட்டாள்.

"அண்டைக்கு வழி முழுக்க நான் அழுதுகொண்டு வந்தனான் ரீச்சர். ஏனெண்டு ஒருக்கா நீங்கள் கேட்டிருந்தா, சொல்லியிருப்பன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு போய்க் குழியில் ஒரு பிடி மண் போட்டாள், திரும்பி என்னிடம் வரவில்லை. வர வேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை.

நான் படிப்பிக்க இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. போன கிழமை என் வகுப்பில் ஒரு சிறுமி, பள்ளிக்கூடம் விட்டும் போகாமல் வாங்குப் பலகையில் இருந்தாள். பின்னேரங்களில் தன்னைப் பார்த்துக்கொள்கிற சொந்தக்காரர் வீட்டுக்குப் போக விருப்பமில்லை என்றாள். எனக்கு லோஞ்சில் ஏற அவசரம், மூதூரில் செபமணி ரீச்சரின் எட்டாம் நாள் செபம். லோஞ்ச் போகட்டும் என்று அவளுக்குப் பக்கத்து வாங்கில் இருந்துகொண்டு, ஏன் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. தாயிடம் கூட்டிக்கொண்டு போய், காரணம் தெரியும் வரை பிள்ளையை அந்த வீட்டுக்கு விட வேண்டாம் என்றேன். அதுவரை பின்னேரங்களில் என்னோடு இருக்கட்டும் என்றேன். ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். எனக்கு இரவும் பகலும் நிம்மதியில்லை. செபமணி ரீச்சர் எனக்கு விட்டுப்போனது அந்த நிம்மதியில்லாமைதான், அதை நான் ஆருக்கும் கொடுக்கமாட்டேன். இன்றைக்கு அந்தச் சிறுமி வீட்டுப்பாடத்தை மூடி வைத்துவிட்டு, "நான் சொன்னா நீங்கள் நம்புவீங்களோ?" என்று கேட்டாள். நம்புவேன் என்றேன்.