தூண்டில் இரைந்தபோது

ஆகஸ்ட் பிற்பகல். மோனே நீர்த்தேக்கத்தின் நடுவே, வாடகைப் படகில் நானும் செல்வி அக்காவும் மட்டும். அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், எசன் நகரில் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் வேலை செய்கிறார். ஹனோவரிலிருந்து வந்திருக்கும் எனக்கு மீன்பிடிப்பு புதிது.

மூன்று கோடைகளாக அவர் தேடிவந்த பெரிய சாண்டர் மீன் இப்போது தூண்டிலில் மாட்டியிருக்கிறது. பத்து நிமிடமாக இழுபறி. கடைசியில் அது படகோரம் மேலே வருகிறது: பச்சை முதுகு, பால் பூத்த கண். நான் கைவலையை நீட்டுகிறேன். எங்களுக்குப் பின்னால் வானம் கறுத்துவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

அக்காவின் முகம் சட்டென்று மாறுகிறது.

"தூண்டில் இரையுது. உங்களுக்கும் கேக்குதோ?"

கேட்கிறது. தூண்டில் தடியிலிருந்து தேனீக் கூட்டம்போல ஒரு ரீங்காரம். என் கைமயிர் நட்டுக்கொண்டு நிற்கிறது.

"மின்னல் விழப்போகுது. வலையைப் போட்டுட்டுக் குனியுங்கோ!"

"அக்கா, மீன்..."

"மீனை விடுங்கோ!"

கத்தியால் தூண்டில் நரம்பை அறுத்து, தடியைப் படகின் தரையில் போடுகிறார். மீன் ஒருகணம் அசையாமல் மிதந்து, பிறகு மறைகிறது. அக்கா முதுகை வளைத்துக்கொண்டு துடுப்பை இழுக்கிறார். நான் படகின் அடியில் சுருண்டு கிடக்கிறேன். கரையைத் தொட்டு, காரை நோக்கி ஓடும்போது, பின்னால் ஏரி வெள்ளையாகி வெடிக்கிறது.

கார்ச் சாவியை அவர் என்னிடம் நீட்டுகிறார். அது கலகலவென்று ஆடுகிறது.

"நீங்களே திறவுங்கோ. எனக்கு ஏலாது."