அப்பா விட்ட ராக்கெட்

அந்த ஜாய்ஸ்டிக்கைக் கையில் வாங்கியதும் முதலில் தெரிவது முறுக்கு எண்ணெயின் பிசுபிசுப்புதான். தீபாவளி முடிந்தும் டின்னில் முறுக்கு மிச்சமிருந்தது. வாயில் முறுக்கும் கையில் பந்தயமுமாக இருந்த எங்களுக்கு, எழுந்து போய்க் கை கழுவ நேரம் ஏது? சில சமயம் அழுத்திய பொத்தான் உள்ளேயே ஒட்டிக்கொள்ள, திரையில் வண்டி நிற்காமல் ஓடிப் பள்ளத்தில் விழும். "அலாமாக்! என் செட்ட நாசம் பண்ணிட்டீங்க லா!" என்று பெரியப்பா மகன் தினேஷ் அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான். வருடக் கடைசி விடுமுறைக்கு, தன் அம்மாவோடும் அந்த விளையாட்டுப் பெட்டியோடும் புலாவ் செபாங்கிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில், மெர்லிமாவுக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்து "லயத்தில்", தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், நாங்கள் இருந்தோம். அதுவரை நான் பார்த்த வீடியோ விளையாட்டுகளில் ஒருவர் ஆட மற்றவர்கள் கொட்டாவி விட வேண்டும். இதுவோ டிவியை நான்காகப் பிரித்து, நான்கு பேரை ஒரே நேரத்தில் குட்டிக் குட்டி வண்டிகளில் ஓடவிட்டது. வெட்டுக்குத்து கிடையாது, மிட்டாய் நிறத்தில் சாலைகள், ஆகவே அம்மாவும் முணுமுணுக்கவில்லை. காய்கறி வாங்க மோட்டார் சைக்கிளிலேயே பாசார் போய் வந்து பழகிய பெரியம்மாவுக்கு வேகம் என்றால் உயிர். வளைவு வந்தால் ஜாய்ஸ்டிக்கோடு உடம்பையும் சாய்த்து, பக்கத்தில் இருப்பவர் மடியிலேயே விழுவார். அந்த அமளியில் எனக்குச் சோறு தண்ணீர் மறந்து போனது.

ஆனால் அதைப்போல என்னை அழவைத்த விளையாட்டும் வேறில்லை. சாலையில் கிடக்கும் பெட்டிகளை இடித்தால் ஏதாவது ஒரு ஆயுதம் கிடைக்கும். முதலில் ஓடுகிறவருக்கு ஒன்றுக்கும் உதவாத எண்ணெய் டின். கடைசியில் ஊர்ந்து வருகிறவருக்கு ராக்கெட். அந்த ராக்கெட் யார் முதலில் ஓடுகிறாரோ அவரைத் தேடிப் போய் அடிக்கும். ஒவ்வொரு வளைவையும் மனப்பாடம் செய்து முன்னுக்கு வந்தவள் நான், அடி வாங்குவதும் நானா? இது என்ன நியாயம் என்று கத்துவேன், ஜாய்ஸ்டிக்கை விசிறி எறிவேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு "இன்னொரு வாட்டி லா" என்று கெஞ்சுவேன்.

அப்பாவின் கதை தனி. தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் பள்ளி பஸ்ஸை ஓட்டியவர் அவர், டிவியிலும் பஸ்தான் ஓட்டினார். வளைவுக்கு வெகு முன்பே பிரேக் போடுவார், இடது ஓரத்தை விடமாட்டார், யாரையும் முந்தமாட்டார். எப்போதும் கடைசி என்பதால் எப்போதும் ராக்கெட் அவரிடம்தான். அதை ஒருநாளும் விட்டதில்லை. "முன்னால போறவன அடிக்கிறதா? போலீஸ்கிட்ட சமன் வாங்குற வேலை லா அது" என்பார்.

தினேஷ் அண்ணனும் பெரியம்மாவும் ஊர் திரும்பும் மாலையில் நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. தினேஷ் அண்ணன் மனமிரங்கினான். "கடைசி ரேஸ். நீயோ உன் டீமோ மொதல்ல வந்தா, ஸ்கூல் தொறக்கிற வரைக்கும் செட்டு இங்கயே இருக்கட்டும்." அவன் பக்கம் பெரியம்மா. அம்மா அடுப்படியில் அவர்களுக்குப் பலகாரம் கட்டிக்கொண்டிருந்ததால், என் பக்கம் அப்பா! போச்சுடா என்று நினைத்தேன்.

கடைசிச் சுற்று. தினேஷ் அண்ணன் முதலில், அவனை ஒட்டி நான், எனக்குப் பின்னால் பெரியம்மா. எங்கோ கடைசியில் ராக்கெட்டைச் சுமந்துகொண்டு அப்பா.

"விடுங்கப்பா! ராக்கெட்ட விடுங்க!"

"இரும்மா, வளைவு வருது."

அம்மா பலகார டின்னோடு ஓடி வந்தார். "புள்ள கத்துதுல்ல, விட்டுத் தொலைங்களேன்!"

அந்த நேரம் பார்த்து தினேஷ் அண்ணனின் பொத்தான் ஒட்டிக்கொண்டது. அவன் வண்டி நேராகப் பள்ளத்துக்குள் போனது. நான் முதலிடம்! இதோ முடிவுக் கோடு, இதோ என் விடுமுறை முழுவதும்! நான் எழுந்தே நின்றுவிட்டேன். அப்பாவோ என்னைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ராக்கெட்டை விட்டார்.

அது வந்து என்னை அடித்தது. என் வண்டி ஆகாயத்தில் குட்டிக்கரணம் போட, கீழே பெரியம்மா "வுடு வுடு" என்று கத்தியபடி கோட்டைத் தாண்டினார்.

அப்பா ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்தார். "இத்தன வருசத்துல ரோட்டுல ஒரு கோழியக்கூட நான் இடிச்சதில்ல லா" என்றார். அவர் முகத்தைப் பார்த்து, அழ வாயெடுத்த நான் சிரித்துவிட்டேன். செட்டு புலாவ் செபாங்குக்கே போனபோதுதான் அழுதேன்.

இன்று அந்த லயம் இல்லை, பெட்டியும் என்ன ஆனதென்று தெரியாது. என் பிள்ளைகள் ஆளுக்கொரு போனில், முகம் தெரியாதவர்களோடு பந்தயம் ஓட்டுகிறார்கள்; வளைவு வந்தால் யாரும் யார் மடியிலும் விழுவதில்லை. கண் பார்வை குறைந்த அப்பா இப்போது என் காரில் பக்கத்து இருக்கைக்காரர். போன வாரம் மெர்லிமாவ் சாலையில் ஒரு லோரியை முந்தினேன்.

"பின்னாலயே போ லா. மொதல்ல போனா அடி விழும்" என்றார்.

"அடிச்சது நீங்கதான்ப்பா."

"உன்ன யாரும்மா அப்போ மொதல்ல போகச் சொன்னது?" என்று கேட்டுவிட்டு, வளைவுக்கு வெகு முன்பே, வெறும் தரையில் காலை அழுத்திப் பிரேக் போட்டார்.