முள் சாரின் இருநூற்று நாற்பத்தொன்று

சந்தையில் அவருக்கு முள் சார் என்று பெயர். எடையளவு ஆய்வாளர்கள் எத்தனையோ பேர் வந்து தராசைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இவர் பார்ப்பதோடு நிற்பவரல்ல. தராசு முள்ளுக்கு நேராகத் தன் கண் வரும்வரை முழங்காலை மடித்துக் குனிவார். அந்த நேரத்தில் மூச்சுகூட விடமாட்டார், காற்றுப் பட்டுத் தட்டு அசைந்துவிடுமாம். இப்போது முக்கால்வாசிக் கடைகளில் முள்ளே கிடையாது, பச்சை எண்கள் எரியும் மின்தராசுதான். அதற்கும் குனிகிறார். இத்தனை வருடம் குனிந்த முதுகு சும்மா இருக்குமா?

இரவுச் சாப்பாட்டில் அவருடைய மனைவிக்குத் தினமும் ஒரு நாடகம் உண்டு. அன்றைக்குப் பிடிபட்ட கடைக்காரர் சொன்ன சாக்கை, அந்தக் கடைக்காரரின் குரலிலேயே முள் சார் நடித்துக் காட்டுவார். "மேசை ஆடுது சார்." "நேத்து வரைக்கும் சரியாத்தான் சார் காட்டுச்சு." "புது மெஷின் சார், பழக நாளாகும்." ஒருவர், தராசைத் திருத்தாமலிருக்க அலுவலகம் வைக்கும் முத்திரையின் ஈயம் வெயிலில் இளகித் தானாக விட்டுக்கொண்டது என்று சொல்லியிருந்தார். அது மட்டும் ஒரு வாரம் ஓடியது. ஒவ்வொரு நாடகமும் ஒரே வசனத்தில்தான் முடியும்: "நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், கடைசியா எப்பய்யா சோதனை பண்ணினே? ஆளு வாயே தொறக்கல." மனைவி மிச்சத்தை வழித்துப் போட்டுக்கொண்டே சிரிப்பார். முதல் பத்து வருடம் உண்மையாகவே சிரித்தார்.

இப்படிப்பட்டவருக்கு ஐம்பது வயதை நெருங்கும்போது சர்க்கரை எட்டிப் பார்த்தது. மருத்துவர் வியர்க்கச் சொன்னார். சாலையில் சைக்கிள் ஓட்டினால் சந்தைக்காரர்கள் பார்ப்பார்கள் என்பதால், வீட்டுக்குள்ளேயே ஓட்டுவது என்று முடிவாயிற்று. சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கி ஓர் இரும்புத் தாங்கியில் மாட்டுவார்கள். சக்கரத்தின் மீது ஓர் உருளை அழுந்தியிருக்கும். அது எவ்வளவு அழுந்த வேண்டும் என்பதைத் திருகிவைக்க ஒரு குமிழ். எதிரே டிவி. அதில் ஒரு சைக்கிள் செயலி. இங்கே மிதித்தால் டிவியில் ஒரு பொம்மை மனிதன் கடலோரச் சாலையில் சைக்கிள் ஓட்டுவான். முள் சாரின் பொம்மைக்குத் தொப்பை கிடையாது. அந்த உலகத்தில் அவருக்கு முதலில் பிடித்துப்போனது அதுதான்.

பிடித்துப்போன இரண்டாவது விஷயம் எண். சைக்கிள்காரர்கள் அதை த்ரெஷோல்ட் என்கிறார்கள். சுமார் ஒரு மணி நேரம் விடாமல் மிதித்தால் உடம்பு எவ்வளவு சக்தியைத் தாங்கும் என்பதற்கு வாட் கணக்கில் ஓர் எல்லை. இருபது நிமிடம் உயிரைக் கொடுத்து மிதித்து ஒரு சோதனை, அதில் கொஞ்சம் கழித்தால் எண் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு செயலி தரும் பயிற்சி எல்லாமே அந்த எண்ணில் இத்தனை சதவீதம், அத்தனை சதவீதம் என்றுதான் வரும். எண் பொய் என்றால் எல்லாமே பொய். இதை முள் சாருக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

முதல் சோதனையில் அவருக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு வந்தது.

அந்தச் சமயத்தில் கீழ்வீட்டிலிருந்து ஆட்சேபம் வந்தது. அங்கே ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருக்கிறார். உருளை போடும் சத்தத்தில் கூரை வழியாக மாவு மில் இறங்கி வருவதுபோல் இருக்கிறது என்று துடைப்பக் கட்டையால் விட்டத்தில் தட்டினார். முள் சார் அண்டை அயலாரை மதிப்பவர். குமிழை அரைச் சுற்றுத் தளர்த்தினார். சத்தம் குறைந்தது. கூடவே ஓர் அதிசயமும் நடந்தது. அடுத்த சோதனையில் எண் இருநூற்றுப் பதினான்கு.

உருளை தளர்ந்தால் சக்கரம் லேசாகச் சுற்றும். சக்கரம் வேகமாகச் சுற்றினால் ஆள் பலசாலி என்று அந்தக் கருவி நினைத்துக்கொள்ளும். அதற்காகத்தான் ஒவ்வொரு முறையும் செயலி பணிவாகக் கேட்கும்: கருவியைச் சரிபார்க்கவா? கீழே 'இப்போது' என்று ஒரு பொத்தான், 'பிறகு' என்று ஒரு பொத்தான். முள் சார் பிறகு என்பதை அழுத்துவார். நல்ல வேகத்தில் இருக்கும்போது எவன் இறங்கிச் சரிபார்ப்பான்? தலைமையாசிரியை மறுபடியும் தட்டினார், குமிழ் மறுபடியும் தளர்ந்தது. இருநூற்று இருபத்தொன்பது. டயர் தேய்ந்து வழுவழுப்பானது. இருநூற்று நாற்பத்தொன்று. முறையான பயிற்சிக்கு உடம்பு எப்படிப் பலன் தருகிறது பார் என்று மனைவியிடம் சொன்னார். மனைவி தாங்கிக்குக் கீழே உதிர்ந்திருந்த டயர்த் தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். குமிழையும் பார்த்தார்.

எண்ணை வைத்து என்ன செய்வது? ஞாயிறு காலையில் அந்தச் செயலியில் ஒரு குழு கூடும். இருநூற்று முப்பதுக்கு மேல் முதல் அணி, அதற்குக் கீழே இரண்டாம் அணி. முள் சார் முதல் அணிக்குள் நுழைந்ததோடு நிற்கவில்லை, நாளடைவில் அதன் வழிகாட்டியும் ஆகிவிட்டார். பொம்மைக்கு மஞ்சள் சட்டை கிடைத்தது. இரண்டாம் அணியின் வழிகாட்டி அவருடைய மனைவியின் தம்பி. நிஜச் சாலையிலும் சைக்கிள் ஓட்டுகிற ஆள். அவனுக்கு இரண்டு வருடமாக முள் சார் ஒழுக்கம், ஓய்வு, உணவு என்று பாடம் எடுத்து வந்தார். அவனும் "சரிங்க அத்தான்" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அலுவலகத்தில் ஊரே அவரிடம் கைகட்டி நின்றாலும், மனைவி வீட்டு உறவில் அவரை மதிக்க ஆரம்பித்ததே அந்த எண்ணுக்குப் பிறகுதான். ஆகவே இருநூற்று நாற்பத்தொன்றை ரேஷன் அட்டை மாதிரி பத்திரமாக வைத்திருந்தார்.

கல்யாண நாளுக்கு மனைவி ஒரு காரியம் செய்தார். சேமித்து வைத்திருந்ததை எடுத்து, புதுக் கருவி ஒன்று வாங்கி வைத்துவிட்டார். பின்சக்கரத்தையே கழற்றிவிட்டுச் சங்கிலியை நேரடியாக மாட்டும் வகை. டயர் இல்லை, உருளை இல்லை, குமிழ் இல்லை, சத்தமும் இல்லை. செயலி இருநூறு என்று கேட்டால் அது இருநூறு வாங்கிக்கொண்டுதான் விடும், ஒன்று கூடாது, ஒன்று குறையாது. பழையதைப் பரணில் ஏற்றினார்கள்.

முள் சார் அன்று மாலை ஏறினார். தன் எண்ணுக்குரிய பயிற்சியைப் போட்டார். நான்காவது நிமிடத்தில் பெடல் சிமெண்டில் புதைந்ததுபோல் நின்றுவிட்டது. டிவியில் மஞ்சள் சட்டைப் பொம்மை மலைச்சாலை நடுவே காலூன்றி நின்றது. தொப்பையில்லாத அந்த உடம்பும் மூச்சு வாங்கியது, செயலிக்கு அந்த வசதியும் உண்டு.

தூக்கம் சரியில்லை என்றார். மறுநாள் மாலையும் நின்றது. மின்சாரம் சரியில்லை என்றார். மூன்றாவது முறை நின்றதும், விற்ற நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். கை வியர்த்திருந்ததால் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் பேசினார். மனைவி பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

எதிர்முனையில் ஓர் இளம்பெண், எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற குரல். முள் சார் நடந்ததைச் சொன்னார். தரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம் என்றார். அந்தத் தரையைத் தன் அலுவலகப் பையிலிருந்த ரசமட்டத்தை வைத்து அவரே அளந்து, நூல் பிடித்த மாதிரி இருக்கிறது என்று நேற்றுத்தான் மனைவியிடம் சொல்லியிருந்தார். போன வாரம் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் காட்டியது என்றார். புது மெஷின், பழக நாளாகுமோ என்றும் கேட்டார்.

பக்கத்து அறையில் துணி மடிக்கும் சத்தம் நின்றது.

"சார், இந்த மெஷின் கிளம்பும்போதே செக் பண்ணித்தான் வரும். பழைய மெஷின்லதான் அந்த இருநூத்தி நாப்பத்தொண்ணு வந்துச்சுங்களா?"

"ஆமாம்மா. அது ரொம்ப நல்ல மெஷின்."

"அதைக் கடைசியா எப்ப சார் சோதனை பண்ணினீங்க?"

முள் சார் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் லைனில் இருக்கீங்களா சார் என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு தன் சேவைக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்று கேட்டாள். ஐந்து கொடுத்தார். நேர்மையான மனிதர்.

ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. புதுக் கருவியில் வந்தால் முதல் மேட்டிலேயே முதல் அணி அவரை விட்டுவிட்டுப் போய்விடும், வழிகாட்டியே வழியில் நிற்பார். எண்ணைத் திருத்தினால் செயலி அவரை மச்சினன் அணியில் கொண்டுபோய்ச் சேர்க்கும், அதுவும் மஞ்சள் சட்டையை உருவிவிட்டு. இரண்டு நாள் யோசித்தார். வெள்ளிக்கிழமை சாப்பாட்டின்போது, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் பழையதை இறக்கிக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன் என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். புதுசை உடனே ரொம்ப உழைக்க வைக்கக் கூடாதாம்.

"கீழ்வீட்டு டீச்சர் தட்டுவாங்களே," என்றார் மனைவி.

"குமிழைக் கொஞ்சம் தளர்த்திக்கலாம்."

"சரிங்க," என்றார் மனைவி. அன்றைக்கு நாடகம் நடக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து முள் சார் ஏணியை வைத்துப் பரணில் ஏறினார். பழைய பாய், உடைந்த மின்விசிறி, அதற்குப் பின்னால் தாங்கி. இழுத்தார். குமிழின் மேல் கை வைத்தவர் அப்படியே நின்றார்.

குமிழ் இறுக்கித் திருகப்பட்டிருந்தது. அட்டைப் பெட்டியில் வந்த படத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று கோடு போட்டிருந்ததோ, சரியாக அங்கே. அது திரும்பாதபடி சிவப்புத் தையல் நூல் இரண்டு சுற்றுச் சுற்றி, தாங்கியின் துளை வழியாகப் போய், முடிச்சாகியிருந்தது. முடிச்சின் மேல் மெழுகுவத்தி மெழுகு உருக்கி ஊற்றியிருந்தது. மெழுகின் மேல் ஒரு வட்டம், வட்டத்துக்குள் நான்கு புள்ளிகள். அவருடைய அலுவலகச் சட்டைப் பித்தானின் அச்சு.

நல்ல முத்திரை. கம்பிக்குப் பதில் நூல், ஈயத்துக்குப் பதில் மெழுகு, அவ்வளவுதான் வித்தியாசம். முள் சார் வழக்கம்போல் முழங்காலை மடித்து, அதற்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோய், மூச்சு விடாமல் பார்த்தார். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எடை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் அவர் பேச விடுவார். முத்திரை அறுந்திருந்தால் பேச்சே கிடையாது, தராசு அந்த இடத்திலேயே பறிமுதல். அவருடைய வேலைக்காலம் முழுவதிலும் அதில் ஒருவருக்கும் சலுகை காட்டியதில்லை.

நூலை விரலால் தொட்டார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

இறங்கி வந்து, புதுக் கருவியில் ஏறி, சோதனையைப் போட்டார். இருபது நிமிடம். முதல் சோதனைக்குப் பிறகு உண்மையில் அவராக எடுத்த சோதனை அதுதான், இடையில் எடுத்ததெல்லாம் டயரும் தலைமையாசிரியையும் சேர்ந்து எடுத்தவை. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. ஆரம்பித்த இடத்தைவிட ஆறு குறைவு. செயலி வாழ்த்துச் சொல்லவில்லை. உங்கள் எண் குறைகிறது, மாற்றவா என்று கேட்டது. 'பிறகு' என்று ஒரு பொத்தானும் வைத்திருந்தது. முள் சார் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மற்றதை அழுத்தினார். மனைவி கூடையோடு உள்ளே வந்தபோது துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு வந்துச்சு?"

துண்டுக்குள்ளிருந்தே சொன்னார்.

"ஏணியை எடுத்து வெச்சிடுங்க, தட்டி விழப் போறேன்," என்றார் மனைவி.

ஞாயிறு காலை அவருடைய பொம்மை வெள்ளைச் சட்டையோடு இரண்டாம் அணியின் கடைசி வரிசையில் நின்றது. மச்சினன் போனில் வந்தான்.

"என்ன அத்தான், இந்தப் பக்கம்?"

"ஆய்வுக்கு வந்தேன்."

"வாங்க வாங்க. எம் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வாங்க, காத்து படாம கூட்டிட்டுப் போறேன். அக்கா சொல்லிச்சு."

அறையில் காற்று என்று இருந்தது மேசை விசிறி ஒன்றுதான், அதுவும் முள் சார் போட்டது. இருந்தாலும் ஒட்டிக்கொண்டார். மேட்டிலும் விடவில்லை. சொல்லிவைத்த தூரத்தைச் சொல்லிவைத்த வேகத்தில் முடித்தார், பெடல் எங்கேயும் நிற்கவில்லை. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை, ஆனால் மச்சினன் பெருமைப்பட்டுக்கொண்டான். ஓய்வு ரொம்ப முக்கியம் அத்தான் என்றான். உணவைப் பற்றியும் சொன்னான். "சரிப்பா," என்று கேட்டுக்கொண்டார் முள் சார். கீழ்வீட்டிலிருந்து தலைமையாசிரியை மேலே ஏறி வந்து, சத்தமே காணோமே, சாருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இப்போது ஆறு வாரத்துக்கு ஒரு முறை சோதனை. தேதியை மனைவி நினைவுபடுத்துகிறார். எண் இருநூற்று மூன்றுக்கு வந்திருக்கிறது. இரவு நாடகங்களும் மறுபடியும் தொடங்கிவிட்டன, அந்தக் கடைசி வசனத்தை மட்டும் கொஞ்சம் சுருக்கிவிட்டார்.

பரணில் அந்த முத்திரை இன்னும் அப்படியே இருக்கிறது. முள் சார் மாதத்துக்கு ஒரு தடவை ஏறிப் பரிசோதிக்கிறார், பெரும்பாலும் மனைவி வெளியே போயிருக்கும்போது. போன மாதம் மனைவி ஏறிப் பார்த்ததில், மெழுகின் ஓரத்தில் நகம் பட்டாற்போல் ஒரு கீறல் தெரிந்திருக்கிறது. கேட்டதற்கு, அது வெயிலில் இளகியிருக்கும் என்று முள் சார் சொன்னார்.