செருப்பைக் கழற்றாத குழந்தை

இரண்டு வருடங்களுக்கு முன் திருவொற்றியூரில் தொடங்கிய விஷயம் இது. நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. மனநோய் முற்றியதால் என் அக்காவை நீண்ட சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அவள் கணவர் அதற்கு முன்பே வீட்டை விட்டுப் போய்விட்டார். எங்களுக்குப் பெற்றோரும் இல்லை.

2. அக்காவின் ஐந்து வயது மகளை நானே வளர்க்கிறேன் என்று கேட்டேன். நான் பெண்கள் விடுதியில் தங்கி, எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவள். விடுதியில் குழந்தைக்கு இடமில்லை, நைட் ஷிப்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று குழந்தைகள் நலக் குழு மறுத்துவிட்டது. அவர்கள் சொன்னதில் தவறில்லை.

3. குழந்தை ஓர் இல்லத்தில் இருந்தாள். பிறகு இன்னோர் இல்லம். பிறகு மாத்தூரில் ஒரு வளர்ப்புக் குடும்பம்.

4. மாதம் ஒருமுறை, குழுவின் அலுவலகத்தில் வைத்து, ஒரு மணி நேரம் நான் அவளைப் பார்க்கலாம் என்றார்கள்.

5. வாரம் ஒருமுறை வேண்டும் என்று மனுப் போட்டேன்.

6. நான் வந்துபோனாலே குழந்தை மிரண்டு போகிறாள், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடுவதில்லை, எனவே சந்திப்பைக் குறைக்கலாம் என்று சமூகப் பணியாளர் பரிந்துரை எழுதிவிட்டார்.

ஆறாவது விஷயம் மட்டும் என் மண்டையில் இறங்கவே இல்லை. அதிகம் கேட்டதற்கு, இருந்ததும் போகப் போகிறது.

தொழிற்சாலையில் அழுத்தமானி, வெப்பமானி எல்லாம் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. ஒன்று தப்பாகக் காட்டினால், காரணமாக இருக்கக்கூடியவற்றை எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவோம். இதற்கும் அப்படித்தான் செய்தேன். என் குரல் சத்தமாக இருக்கிறதா? உடுப்பில் ஆலை வாடை அடிக்கிறதா? அக்காவின் முகச்சாயல் எனக்கு உண்டு, அதைப் பார்த்து அம்மா நினைவு வந்துவிடுகிறதா? எதையும் அடிக்க முடியவில்லை. கடைசியாக ஒன்று எழுதினேன். வளர்க்கிற அம்மா ஏதாவது சொல்லிக் கொடுக்கிறாளா? எழுதியதும் அதுதான் காரணம் என்று மனசு பிடித்துக்கொண்டது.

அந்த அம்மா தெற்கத்திப் பக்கத்தவர். மாத்தூரில் மளிகைக் கடை, கடைக்குப் பின்னால் வீடு. குழந்தையைத் தன்னைப் 'பெரியம்மா' என்று கூப்பிடச் சொல்லியிருந்தார். அதுவும் எனக்கு உறுத்தியது. பாப்பா எங்கள் பாஷைக்கு நடுவே அவரைப் போலவே "அங்கன வைங்க" என்றெல்லாம் பேசியபோது வயிறு எரிந்தது.

கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் தோழி ராயபுரத்துக்காரி. "இன்னா, மூஞ்சி பேஜாரா கீது?" என்று கேட்டாள். சொன்னேன். "மனு, மயிருன்னு எழுதிகினே இரு. நேரா அவங்க வூட்டு வாசல்ல போய்க் குந்திக்கோ. இன்னா பண்ணிடுவாங்க?" என்றாள்.

அடுத்த வார விடுமுறையில் நிஜமாகவே மாத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டேன். அந்தக் கடைக்கு எதிரே, ஒரு லாரியின் மறைவில் நின்றேன். அனுமதியில்லாமல் உள்ளே போனால் எல்லாம் கெட்டுவிடும் என்று புத்திக்குத் தெரிகிறது, கால்தான் நிற்க மாட்டேன் என்கிறது. பாப்பா கடைக்கும் வீட்டுக்கும் நடுவே வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தாள். சிரிப்புச் சத்தம் ரோடு வரை கேட்டது. என்னிடம் வரும்போது இந்தப் பிள்ளையா வருகிறாள் என்றிருந்தது. அலுவலகத்தில் விளையாட்டு அறை வாசலில் எல்லாரும் செருப்பை விட்டுவிட்டுப் பாயில் உட்காருவோம். இவள் மட்டும் செருப்போடு பாயின் ஓரத்தில் நிற்பாள். நான் கொடுக்கும் சாக்லேட்டைக் கைக்குள்ளேயே பிசைந்துகொண்டிருப்பாள், தின்ன மாட்டாள். லாரி கிளம்பியதும் நானும் திரும்பிவிட்டேன்.

அதற்கடுத்து வந்த சந்திப்புதான் கடைசியாக இருக்குமோ என்ற பயத்தோடு போனேன். காலை ஷிப்ட் முடித்து அப்படியே வந்திருந்தேன். வராந்தாவில் பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பாப்பா அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

"தங்கச்சி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியே? கழுத்துல தொங்குதே அட்டை, அதைக் கழத்திப் பைக்குள்ள வச்சிரு."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எண்ணூர், மணலிப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு ஐ.டி. கார்டு உடம்போடு ஒட்டிய ஒன்று. டீக்கடையில் நிற்கும்போதும் கழுத்தில் கிடக்கும். தொலைத்துவிட்டால் மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். போதாக்குறைக்கு, குழுவில் உள்ளவர்கள் அதைப் பார்த்தால் என்னைப் பொறுப்பான வேலையில் இருப்பவள் என்று மதிப்பார்கள் என்று, சந்திப்புக்கு வரும்போது துடைத்து வேறு போட்டுக்கொள்வேன்.

"என் வேலை உங்களை இன்னா பண்ணுது?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

அவர் குரலை உயர்த்தவில்லை. "போன வாரம் சோப்புக் கம்பெனி ஆளு ஆர்டர் எடுக்கக் கடைக்கு வந்தாரு. அவரு கழுத்துலயும் அட்டை. இவ ஓடிப்போயிச் செருப்பை மாட்டிக்கிட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டா. இழுத்தாலும் வரல. என்னட்டின்னு கேட்டா, 'இப்ப எந்த வூட்டுக்கு?'ங்கா. அப்பத்தான் எனக்குப் பிடிபட்டுச்சு."

ஒவ்வொரு முறையும் அவளை இடம் மாற்ற வந்தவர்கள் கழுத்தில் அட்டை இருந்திருக்கிறது. அழாமல் வருவதற்குக் கையில் ஒரு சாக்லேட்டும் கொடுத்திருப்பார்கள். அதே அட்டை, அதே சாக்லேட்டோடு மாதாமாதம் நானும் வந்து நின்றிருக்கிறேன். கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து, அந்த ஒரு மணி நேரமும் அவள் கிளம்பத் தயாராக நின்றிருக்கிறாள்.

கார்டைக் கழற்றும்போது அதன் பட்டை முடியில் சிக்கிக்கொண்டது. பெரியம்மாதான் எடுத்துவிட்டார். நாங்கள் பேசியதைச் சமூகப் பணியாளரும் கேட்டுக்கொண்டிருந்தார். பரிந்துரை எழுதியவர் அவர்தான். அவர் தன் கார்டையும் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

பாயில் உட்கார்ந்தேன். பாப்பா ஓரத்திலேயே நின்றாள். விளையாடக் கூப்பிடவில்லை. "பாப்பா, சித்தி கொஞ்ச நேரம் இருந்துட்டு, நான் மட்டும் போயிடுவேன். நீ பெரியம்மாகூட வூட்டுக்குப் போவ" என்றேன்.

"என்ன இட்டுனு போவ மாட்டியா?"

"மாட்டேன்."

"மெய்யாலுமா?"

"மெய்யாலுமே."

பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். அதற்கும் பிறகு நெடுநேரம் யோசித்தாள். ஒரு செருப்பைக் கழற்றினாள். இன்னொன்றைக் கழற்றாமலே என் பக்கத்தில் வந்து, என் பையைத் தட்டிப் பார்த்து, "சாக்லேட்டு கீதா?" என்று கேட்டாள். அன்று பாதியைத்தான் தின்றாள். மீதியைப் பெரியம்மாவுக்கு என்று வைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "நீ அடிக்கடி வந்தா ஒங்கிட்டயே ஒட்டிக்கிடுவாளோன்னு எனக்கும் உள்ளுக்குள்ள பயந்தான். இத ஒங்கிட்ட சொல்லாம விட்டுருவமான்னுகூட நெனச்சேன். பாவம், பிள்ளை நடுங்குதே, என்ன செய்ய?" அம்மா என்ற சொல் அக்காவுக்கென்று இருக்கட்டும் என்றுதான் தன்னைப் பெரியம்மா என்று கூப்பிடச் சொன்னாராம். பெரியம்மாவும் சித்தியும் அக்கா தங்கைதானே என்றார்.

குழு கூடிய நாளில் நான் எழுதி வைத்திருந்ததையெல்லாம் படிக்கத் தொடங்குவதற்குள் பெரியம்மா எழுந்துவிட்டார். "இந்தத் தங்கச்சி எங்க வீட்டுக்கே வந்து பிள்ளையப் பாக்கட்டும் சார். ஆபீஸ் வேண்டாம். இங்க எல்லார் கழுத்துலயும் அட்டை கிடக்கு" என்றார். உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் கழுத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். சமூகப் பணியாளர் தன் பரிந்துரையைத் திரும்பப் பெற்றார். முதல் சில சந்திப்புகளில் தானும் கூட இருந்து பார்ப்பதாகச் சொன்னார்.

வாரம் ஒருமுறை கிடைக்கவில்லை. மாதம் இரண்டு ஞாயிறு, மாத்தூர் வீட்டிலேயே. நுழைந்ததும், எத்தனை மணிக்குக் கிளம்புவேன் என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் அவள் விளையாட வருவாள். நான் பகல் வேலைக்கு மாற்றல் வாங்கிவிட்டேன். திருவொற்றியூரில் சின்ன வீடு பார்த்துக் குடியேறியிருக்கிறேன். பாப்பாவை என்னோடு விடலாமா என்று குழுவிலிருந்து இன்னும் வந்து பார்க்கவில்லை. அக்கா தேறி வருகிறாள், எப்போது வீடு திரும்புவாள் என்று மருத்துவர்கள் சொல்லவில்லை.

போன ஞாயிறு பாப்பா சோறு தின்றுகொண்டே, "அப்போ நீ எப்பவுமே என்ன இட்டுனு போவ மாட்டியா?" என்றாள். பயத்தில் கேட்டாளா, ஆசையில் கேட்டாளா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. பெரியம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றார். "இன்னிக்கு மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு என்னால் பொய்யாகாமல் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். வாரம் ஒருமுறை வேண்டும் என்ற மனுவை மறுபடி கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை.