காலியாக விட்ட இடம்

பெரியம்மா காணாமல் போன வாரத்தில் என்னைப் போல உதவாக்கரை மதுரையில் இன்னொருத்தி இருந்திருக்க மாட்டாள். இத்தனைக்கும் காணாமல் போனவர்களைத் தேடித் தருகிற புரோகிராமை எழுதியவளே நான்தான்.

எங்கள் ஆபீஸ் பைபாஸ் ரோட்டில் ஒரு மாடியில் இருக்கிறது. திக்குத் தெரியாமல் தெருவில் நிற்பவர்களைக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளும் காப்பகங்கள் ஊரைச் சுற்றிப் பல உண்டு. அவை எல்லாம் ஒரே டேட்டாபேஸில் விவரங்களை ஏற்றும். வீட்டார் எங்கள் புரோகிராம் வழியாகத் தேடுவார்கள். வந்து சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு டாக்குமென்ட். அது கட்டம் போட்ட அட்டவணை இல்லை. தெரிந்ததை எழுதலாம், தெரியாததை விட்டுவிடலாம். ஒருவருக்கு ஒரு பக்கம் இருக்கும், இன்னொருவருக்கு ஒரு போட்டோவும் இரண்டு வரியும்தான்.

ஆனால் ஆபீஸில் எல்லோருக்கும் அட்டவணையிடம் கேள்வி கேட்கிற பாஷைதான் பழக்கம். அதனால் நடுவில், வெளியே யாரோ எழுதிவைத்த ஒரு ரெடிமேட் புரோகிராமை, அடாப்டர் லைப்ரரி என்பார்கள், வைத்திருந்தோம். அட்டவணையிடம் கேட்பது போல அதனிடம் கேட்டால் போதும். அது டாக்குமென்டுகளுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கேட்டு, பதிலை வரிசையாக அடுக்கிக் கொண்டுவரும். நல்ல வேலைக்காரன் என்று நாங்கள் எல்லோருமே அதைப் பாராட்டியிருக்கிறோம்.

பெரியம்மாவுக்குக் கொஞ்ச காலமாகவே ஞாபகம் தடுமாறிக்கொண்டிருந்தது. உசிலம்பட்டியில் பெரியப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரத்தில் அவள் பஸ் ஏறிவிட்டாள். ஆரப்பாளையத்தில் இறங்கியதைக் கண்டக்டர் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்தோம், வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினோம், மாட்டுத்தாவணியில் ஒவ்வொரு பிளாட்பாரமாக நடந்தோம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கேட்பதற்கு என்னை விட்டால் ஆளும் இல்லை.

பெரியப்பா காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

"பாரு தாயி. இன்னைக்கு வந்திருப்பா."

பெயரையும் ஊரையும் அவள் மறந்திருக்கலாம் என்பதால், அறுபது தாண்டிய பெண்கள், சமீபத்தில் சேர்ந்தவர்கள் என்று மட்டும் கேட்பேன். சில முகங்கள் வரும். பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பார்.

"இவ இல்ல. இவளும் இல்ல. பாவம், யாரு பெத்த பிள்ளையோ." பிறகு என்னைப் பார்ப்பார். "இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான் பெரியப்பா."

"இந்த மிஷினு எதையும் விட்டுறாதுல்ல?"

"விடாது."

சொன்னேனே, பெரிய அறிவாளி. அவர் அதை நம்பி எழுந்து போய், மறுபடி தெருத் தெருவாக அலைந்தார். கையில் கம்ப்யூட்டர் இருந்து என்ன புண்ணியம்? அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டேன், அது அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னது.

ஒருநாள் ஆற்றாமையில் அடாப்டரை ஒதுக்கிவிட்டு, டேட்டாபேஸிடமே நேரடியாக, மொத்தம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அடாப்டர் சொன்னதைவிட அதிகமாக வந்தது. உடனே அடாப்டர் எப்படி வேலை செய்கிறது என்று அதன் உள்ளே போய்ப் படித்தேன்.

விஷயம் இவ்வளவுதான். அந்த லைப்ரரி முதன்முதலில் டேட்டாபேஸைத் தொட்டபோது கொஞ்சம் டாக்குமென்டுகளை எடுத்துப் பார்த்து, எதெல்லாம் கட்டாயம் இருக்கும் என்று தானாகவே முடிவு செய்துகொண்டது. அது பார்த்த பெண்கள் எல்லோருக்கும் கணவர் பெயரோ அப்பா பெயரோ எழுதியிருந்தது. தெரியாதவர்களுக்குத் 'தெரியவில்லை' என்றாவது போட்டிருந்தார்கள். ஆகவே அந்த இடம் காலியாக இருக்கும் டாக்குமென்ட் பழுதானது என்று அது தள்ளிவிட்டது. எரர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடப் பிடித்திருப்பேன். வாயே திறக்கவில்லை. அதை எழுதிய மகராசன் எந்த ஊரில் நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தானோ, அன்றைக்கு அவனை நான் பேசாத பேச்சில்லை.

தள்ளிவிட்டவர்களின் போட்டோக்களைத் திறந்தேன். மூன்றாவது முகம் பெரியம்மா. காணாமல் போன அன்று சாயங்காலமே பரவையில் ஒரு காப்பகத்தில் சேர்த்திருந்தார்கள்.

பெரியப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். காய்கறி மார்க்கெட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம். வார்டன் அம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "வந்த அன்னைக்கே பேரு தெரியல, ஊரு தெரியல. வீட்டுக்காரர் பேரு மட்டும் தெரிஞ்சுச்சு. ஆனா சொல்ல மாட்டேன்னுட்டாங்க. அவுக பேரை நான் எப்படிச் சொல்லுவேன்னு ஒரே வெக்கம். தெரிஞ்சவுகளுக்குத் தெரியலைன்னு போட எனக்கு மனசு வரல. அதான் அப்படியே விட்டுட்டேன்."

பெரியப்பாவின் முகத்தில் அந்த வாரம் நான் பார்க்காத வெளிச்சம் வந்தது. "சொல்ல மாட்டா. கல்யாணமான நாள்லேருந்து ஒரு தடவ சொன்னதில்ல. ரேஷன் கடையில கேட்டாலும் பக்கத்துல நிக்கிறவளத்தான் சொல்லச் சொல்லுவா."

"இப்ப ரெண்டு நாளா ரொம்பக் கொழப்பமா இருக்காங்கய்யா," என்றார் வார்டன் மெதுவாக.

பெரியம்மா ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். யாருடையதோ ஒரு நைட்டி. எங்களைப் பார்த்து, விருந்தாளிகளைப் பார்ப்பது போலச் சிரித்தாள். பெரியப்பா கட்டில் பக்கத்தில் போய் நின்றார். வார்டன் போனை எடுத்துக்கொண்டு, "உங்க பேரு சொல்லுங்கய்யா, ஏத்திடுறேன்," என்றார்.

பெரியப்பா சொன்னார்.

பெரியம்மா அந்தப் பெயரைக் கேட்டாள். பிறகு வாய்விட்டு, நிதானமாக, முழுசாகச் சொன்னாள். மறுபடியும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். வார்டன் அதைப் போனில் ஏற்றினார். இனி அந்த அடாப்டர் கேட்டாலும் பெரியம்மா கிடைப்பாள்.

"நல்ல பேரு," என்றாள் பெரியப்பாவிடம். "உங்களுக்கு எந்த ஊரு?"

முதல் நாளே நாங்கள் வந்திருந்தால் அவளுக்கு இவரைத் தெரிந்திருக்கும் என்பது மட்டும்தான் என் மண்டைக்குள் ஓடியது.

பெரியப்பா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "உசிலம்பட்டி," என்றார்.