ஒன்றாம் எண் ஒட்டிய புத்தகம்

அயோவா மாநிலத்தின் ஒரு சிற்றூர் நூலகத்தில் ஆல்டா விசரிங் முப்பத்தோரு வருடமாக வேலை பார்க்கிறாள். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், கணவனின் இதய அறுவை சிகிச்சை எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு விண்வெளித் தொடரை மட்டும் விடாமல் படித்துவந்தாள். மொத்தம் பதினோரு நாவல்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு வருடமாவது காத்திருக்க வேண்டும். வாழ ஒரு கிரகம் தேடி அலையும் கப்பலின் கதை. அதன் தளபதி என்றால் அவளுக்கு உயிர். அவன்தான் துரோகி என்று ஐந்தாம் நாவலில் தெரிந்த அன்று, அடுப்பிலிருந்த சாப்பாட்டைக் கருகவிட்டாள்.

எட்டாவதாக வந்த நாவல் தளபதியின் இளமைக் காலத்தைச் சொன்னது. அவன் துரோகி என்பது அதில் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

போன மாதம் புதிதாக வந்த மேலாளர், தொடர் புத்தகங்களின் முதுகில் எல்லாம் வரிசை எண் ஒட்டச் சொன்னார். ஆல்டா கதைக்குள் வரும் ஆண்டுகளைக் கணக்குப் போட்டு, பெருமையாக ஒட்டினாள். எட்டாவதாக வந்த நாவல் ஒன்றாம் எண் ஆயிற்று; முன்கதை சொல்லும் வேறு இரண்டும் முந்திக்கொள்ள, முதலில் வந்தது நாலாம் எண் ஆயிற்று. எல்லாம் தெரிந்தவளுக்கு, ஒன்றும் தெரியாமல் ஒருவர் வருவார் என்பது மட்டும் தோன்றவில்லை.

வந்தவர் கெரிட் ஹூக்ஸ்ட்ரா. அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போனதிலிருந்து எதிலும் மனம் ஒட்டாமல் கிடந்தார். இந்தத் தொடராவது அவரைக் கொஞ்சம் எழுப்பிவிடாதா என்று ஆல்டாவே ஒன்றாம் எண்ணை எடுத்துக் கையில் திணித்தாள்.

ஞாயிறன்று தேவாலய விருந்தில் பக்கத்திலிருந்தவள் சொன்னாள்: "கெரிட் எங்கன்னு கேட்டேன். ஏதோ புத்தகத்துல மூழ்கிக் கெடக்காராம்."

ஆல்டாவுக்கு அப்போதுதான் அந்த முதல் பக்கம் நினைவுக்கு வந்தது. அந்த மனுஷனுக்குக் கிடைக்க இருந்த ஒரே ஆச்சரியத்தைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டாள். தட்டை அப்படியே வைத்துவிட்டுக் காரை எடுத்தாள்.

கெரிட் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்.

"அத மூடுங்க. தப்பான புத்தகத்தக் குடுத்துட்டேன்."

"தெரியும்மா. நேத்தே போய் மாத்திட்டேன். நீ லீவாம்."

"மாத்துனீங்களா?"

"எந்த மெஷினத் தொட்டாலும் எந்த வருஷம் செஞ்சதுன்னு தகட்டப் பாக்காம நான் கை வெக்க மாட்டேன். இதுலயும் உள்ள வருஷம் போட்டிருக்கு. எழுதுனதெல்லாம் வரிசையாவும் போட்டிருக்கு. நீ ஒட்டுன ஒண்ணு, அதுல எட்டாவது. முதல்ல செஞ்சதுக்கு நீ நாலாம் நம்பர் ஒட்டியிருக்க. அதான் இது."

"அந்த ஒண்ணுல எத்தனை பக்கம் படிச்சீங்க?"

"ஒரு வரி படிக்கல. ஏம்மா, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?"

ஆல்டா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா என்றிருந்தது. நாளைக்கு முதல் வேலை, அத்தனை எண்ணையும் உரித்துப் போடுவது.

"உக்காந்ததுதான் உக்காந்த, ஒண்ணு கேளு," என்றார் கெரிட். அவர் முகத்தில் இப்படியொரு தெளிவைப் பார்த்து இரண்டு வருடமாகிறது. "இந்தத் தளபதி இருக்கானே, தங்கமான ஆளு. இவன நம்பி எங்க வேணா போலாம்."

"ஆமா," என்றாள் ஆல்டா, முகத்தில் ஒன்றும் காட்டாமல். "தங்கமான ஆளு."